பைக்காரா மின்சாரம் முதல் கோவை கிரைண்டர் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்நுட்பத்தால் பொருளாதாரம் எப்படி வளர்கிறது, அது பண்பாட்டை என்ன செய்கிறது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் பயன் இராது. ஆகவே ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, அந்த ஊருக்கு மின்சாரம் வந்த கதையை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். ஊர் கோயம்புத்தூர். சொந்த ஊர் என்பதால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் வருவதற்கு முன் கோவை எப்படி இருந்தது?

வறண்ட சீமை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று தாராளமாக வரும். மழை அப்படி வராது. நொய்யல் ஓரத்தில் கொஞ்சம் ஆற்றுப் பாசனம், மற்ற இடங்களில் எல்லாம் கிணறு. கம்பும் சோளமும் ராகியும் சாப்பாடு, பருத்தி பணப்பயிர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி என்ற நீள இழை ரகம் இங்கே பரவியது. விலை நன்றாகக் கிடைத்தது, ஆனால் அது கிணற்றுத் தண்ணீர் கேட்கும் பயிர்.

ஆலை இல்லாமல் இல்லை. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கிய நூற்பாலை நீராவியில் ஓடியது. குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில் 1910-இல் வந்தது. ஆனால் நீராவிக்கு நிலக்கரி வேண்டும், அது ரயிலில் நெடுந்தொலைவு வர வேண்டும். பருத்தி வாசலிலேயே விளைந்தும் அதை நூலாக்க நெருப்பு தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அதனால் ஆலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பைக்காரா என்பது என்ன?

நீலகிரியில் ஓடும் ஆறு. அதன் தண்ணீரை ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய் வழியே சிங்காராவுக்கு இறக்கி, அந்த வேகத்தில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார்கள். 1932-இல் ஓடத் தொடங்கியது. கட்டியது சென்னை மாகாண அரசு. இந்தக் கடைசி விவரத்தைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். அடுத்த பதிலே அதைப் பற்றியதுதான்.

மின்சாரம் வந்தால் எந்த ஊரும் வளர்ந்துவிடுமா?

வளராது. கோலார் தங்கவயலைப் பாருங்கள். காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே அங்கே மின்சாரம் போய்விட்டது, கோவைக்கு முப்பது ஆண்டு முன்பே. அந்தக் காலத்துக்கு அது உலகமே திரும்பிப் பார்த்த நீளமான கம்பித்தடம். ஆனால் அந்த மின்சாரம் சுரங்கக் கம்பெனியின் வாசலில் நின்றுவிட்டது. இயந்திரம் கம்பெனியுடையது, பட்டறை கம்பெனியுடையது, பொறியாளர் சீமையிலிருந்து வந்தவர். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கிடைத்தது பாறைக்கு அடியில் கூலி. தங்கம் குறைந்து எடுப்பது கட்டுப்படியாகாமல் போனது, 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள், ஊர் அப்படியே நின்றுபோனது.

பைக்காரா மின்சாரமோ பணம் கட்டியவர் எவருக்கும் கிடைத்தது. ஆலைக்காரர் வாங்கினார், அரிசி மில்காரர் வாங்கினார், கிணறு வைத்திருந்த விவசாயி வாங்கினார். ஒரு மோட்டார் எரிந்தால் அதைச் சுற்றிக் கட்ட ஒரு ஆள் தெருவிலேயே தேவைப்பட்டார். அந்த ஆள்தான் வளர்ச்சி. இயந்திரம் வாங்கிய ஊர்கள் ஏராளம். அதைப் பிரித்துப் பார்க்கத் துணிந்த ஊர்கள் குறைவு. என்னிடம் ஒரே ஒரு கொள்கை இருக்கிறது என்றால் அது இதுதான், இனி வரும் பதில்களில் சலிக்கச் சலிக்கச் சொல்வேன்.

1930-கள் உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம். அப்போது ஆலை கட்டப் பணம் எங்கிருந்து வந்தது?

மந்தத்திலிருந்துதான் வந்தது. 1929-க்குப் பிறகு விளைபொருள் விலை சரிந்தது. நிலத்தில் போட்ட காசு திரும்பவில்லை, கிராமத்தில் வட்டிக்கு விட்ட காசும் திரும்பவில்லை. கையில் மிச்சம் இருந்த நாயுடு, கவுண்டர், செட்டியார் குடும்பங்கள் அதைக் கொண்டுபோய்ப் போட வேறு இடம் தேடின. அந்தச் சமயம் பார்த்து மலையிலிருந்து கம்பி இறங்கியது. நிலக்கரி வேண்டாம், கொதிகலன் வேண்டாம், பருத்தியோ பக்கத்து வயலில். வரிசையாக ஆலைகள் எழுந்தன. விவசாயப் பணம் ஆலைப் பணமானதால், இந்த ஊர் முதலாளிக்கு வேட்டி மாறவில்லை, கணக்குப்பிள்ளையும் மாறவில்லை. சாதியும் மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் செய்யப்பட்டதா?

ஆம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்தார்கள். ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கியவர். பஸ் பழுதானால் பிரித்துப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடம் 1926-லேயே வந்துவிட்டதால், பைக்காரா மின்சாரம் இறங்கும்போது ரம்பமும் லேத்தும் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் ஊரில் இருந்தார்கள். நல்ல நேரத்தில் நடந்த தற்செயல்.

அதன் பிறகு வார்ப்படப் பட்டறைகள். ஒருவர் மண் அச்சு எடுப்பார், ஒருவர் இரும்பு காய்ச்சி ஊற்றுவார், மூன்றாமவர் கடைந்து தருவார், நாலாமவர் செம்புக் கம்பி சுற்றுவார். நாலு சந்துகளைத் தாண்டினால் முழு பம்ப் கையில் இருக்கும். பெரிய தொழிற்சாலை ஒன்று செய்ய வேண்டியதை ஒரு தெரு செய்தது. கொடிசியா என்ற சிறுதொழில் சங்கம் 1969-இல் உருவானபோது, இந்தச் சந்துகளுக்கு ஒரு பெயர்ப்பலகை கிடைத்தது, அவ்வளவுதான்.

கிணற்றில் மோட்டார் வந்ததும் என்ன மாறியது?

எல்லாமே. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

அதற்கு முன் கவலை இறைத்தார்கள், அதாவது எருது கட்டித் தண்ணீர் இறைத்தார்கள். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை. இரண்டு எருதுகள் அதில் இறங்க, வடக்கயிறு இழுபட்டு, கிணற்றிலிருந்து சால் என்ற பெரிய தண்ணீர்ப் பாத்திரம் மேலே வரும். அடியில் கட்டிய தோல் குழாய் வழியே தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். எருதுகள் பின்னோக்கி ஏறி வர வேண்டும். ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து இறங்குவார், நடந்து ஏறுவார். விடியுமுன் தொடங்கினாலும் ஒரு நாளில் அரை ஏக்கர் நனைந்தால் பெரிய காரியம். எருதுக்கும் தீனி விளைவிக்க வேண்டும். தண்ணீர் இறைக்க எருது, எருதுக்குத் தீனி, தீனிக்குத் தண்ணீர் என்று அது ஒரு வட்டம்.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் அந்த வட்டத்தை அறுத்தது. எருதுத் தீனி விளைந்த நிலம் பருத்திக்கும் கரும்புக்கும் வாழைக்கும் போனது. பள்ளிக்கூடம் போகாமல் மாடு ஓட்டிய பையன் பள்ளிக்கூடம் போனான். எல்லோர் வீட்டுப் பையனும் அல்ல, சில வீடுகளில்.

இன்னொரு கதை கேட்டால்தான் வெளியே வரும். கவலைக்குத் தோல் உறுப்புகளைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அதற்குக் கூலி பணமாக அல்ல, அறுவடையில் தானியமாக வரும். கூடவே ஆண்டாண்டுக்கும் அடிமைப்பாடும் வரும். பண்ணையில் மாடு ஓட்டியவர்களிலும் அவர்கள் நிறைய. இரும்புக் குழாய் வந்ததும் தோல் வேலை போனது. தானியம் நின்ற வீட்டில் அன்று நடந்தது வளர்ச்சி என்று எவரும் சொல்ல மாட்டார். ஆனால் பிடித்து வைத்திருந்த கயிறும் அதோடு சேர்ந்து தளர்ந்தது. பின்னாளில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் பஸ் ஏறினார்கள். பலர் ஏற முடியாமல் விசைத்தறிக் கொட்டகையில் முன்பணம் வாங்கிக்கொண்டு மறுபடி கட்டுண்டார்கள். ஒரே மோட்டார், இரண்டு கதை.

பாட்டும் போனது. தண்ணீர் இறைக்கும்போது சால் எண்ணிக்கைக்காகவும் களைப்பு தெரியாமலிருக்கவும் பாடுவார்கள். ஏற்றக்காரன் பாதியில் நிறுத்திவிட்டுப் போன பாட்டின் அடுத்த அடி பிடிபடாமல் கம்பரே இரவெல்லாம் தவித்தார் என்று தமிழில் ஒரு கதை உண்டு. மோட்டார் ஓடும்போது பாட வேண்டிய தேவை இல்லை. பாடினாலும் காதில் விழாது.

அந்த மோட்டார்தானே நிலத்தடி நீரையும் குடித்தது?

ஆம், மறுப்பதற்கில்லை. கவலைக்கு ஓர் இயற்கையான கட்டுப்பாடு இருந்தது: எருது களைத்துவிடும். மோட்டார் களைக்காது. கிணறு ஆழமானது, பிறகு கிணற்றுக்குள்ளேயே துளை போட்டார்கள், பிறகு கிணற்றை விட்டுவிட்டுத் தனியாக ஆழ்துளைக் கிணறு. ஆயிரம் அடி போட்டும் புகைதான் வந்தது என்பது கொங்கு நாட்டுத் திண்ணைகளில் தினப்படி பேச்சு. இதிலும் ஒரு தொழில் பிறந்தது என்பதுதான் வேடிக்கை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இன்று இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகின்றன.

மின்கட்டணம் அரசியலானதும் இங்கேதான். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1972-இல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவைச் சாலைகளை அடைத்தார்கள். மின்சாரத்துக்காக மாட்டு வண்டிகள் அணிவகுத்தது உலகில் வேறெங்கும் நடந்திருக்குமா என்று தோன்றும். 1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. இலவசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்விட்சை நிறுத்தக் காரணமில்லாத இடத்தில் எவரும் நிறுத்துவதில்லை.

கிரைண்டரைப் போய்ப் பண்பாடு என்கிறீர்களே?

மோட்டாரைவிடக் கிரைண்டர்தான் பண்பாட்டை அதிகம் மாற்றியது என்பது என் எண்ணம். மோட்டார் ஆண்களின் வேலையைத் தொட்டது. கிரைண்டர் பெண்களின் வேலையைத் தொட்டது, அதுவும் கூலியில்லாத வேலையை.

வெட் கிரைண்டரைக் கோவையில் பி. சபாபதி என்பவர் 1955-இல் உருவாக்கினார். அதன் சூட்சுமம் எளிமையானது, ஆனால் யோசித்தவருக்குத்தான் எளிமை. ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும். கையால் சுற்ற அதுதான் தோது. மோட்டாருக்கு அது தோதில்லை. அதனால் கிரைண்டரில் உரலைச் சுற்றவிட்டு, குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். கல் கல்லாகவே இருந்தது, வேகம் மெதுவாகவே இருந்தது. மாவு சூடாகாமல் உளுந்து பொங்கி வந்தது. மிக்ஸியில் கத்தி வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கும், இட்லி கல்லாகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்து இட்லியை அதற்கேற்ப மாற்றாமல், இட்லிக்கேற்ற இயந்திரத்தைச் செய்தார்கள்.

மோட்டார் செய்யும் சந்து ஊரில் இருந்ததால்தான் இது நடந்தது. கல் பக்கத்து ஊத்துக்குளியில் கிடைத்தது. முதலில் ஓட்டல்கள் வாங்கின, பிறகு வசதியான வீடுகள், பிறகு எல்லோரும். 2005-06-இல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது. காஞ்சிப் பட்டுக்கும் டார்ஜிலிங் தேயிலைக்கும் கிடைத்த அதே மரியாதை ஒரு சமையலறை இயந்திரத்துக்கு.

இனி இட்லி. இந்த வறண்ட சீமையில் இட்லி என்பது தீபாவளிச் சாப்பாடு. இன்று எழுபது வயது தாண்டியவரைக் கேளுங்கள்: தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஆட்டுக்கல் சத்தம் கேட்டால்தான் மறுநாள் இட்லி என்று தெரியும். காரணம் இரண்டு: நெல் இல்லை, இருந்தாலும் ஆட்ட நேரம் இல்லை. பசுமைப் புரட்சியும் ரேஷன் அரிசியும் முதல் காரணத்தை நீக்கின, கிரைண்டர் இரண்டாவதை. பண்டிகைப் பலகாரம் தினசரிக் காலைச் சாப்பாடாக இறங்கியது. கம்பும் ராகியும் பின்வாசல் வழியாக வெளியேறின. இப்போது அவை சிறுதானியம் என்ற புதுப் பெயரில், கூடுதல் விலையில், முன்வாசல் வழியாகத் திரும்பி வருகின்றன.

பொருளாதார அறிஞர்கள் இதையெல்லாம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பாதியைத்தான் கணக்கிடுகிறார்கள். ராபர்ட் சோலோ 1957-இல் அமெரிக்காவின் நாற்பது ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஒரு மணி நேர உழைப்பின் விளைவு இரட்டித்திருந்தது. அதில் எட்டில் ஒரு பங்குதான் கூடுதல் முதலீட்டால் வந்தது. மீதி ஏழு பங்கைத் தொழில்நுட்ப மாற்றத்தின் பெயரில் எழுதினார். 1987-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த ஏழு பங்கு நேராக அளந்தது அல்ல, கழித்தது போக மிஞ்சியது. மோசஸ் அப்ரமோவிட்ஸ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர், இப்படி மிஞ்சுவது நம் அறியாமையின் அளவு என்று 1956-லேயே சொல்லிவிட்டார். நேர்மையான மனிதர்.

கிரைண்டர் விற்றால் அது நாட்டின் உற்பத்தியில் சேரும். அது மிச்சப்படுத்திய ஒரு மணி நேரம் சேராது, ஏனென்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அதற்கு முன்பும் எவரும் கூலி கொடுத்ததில்லை. அதே பெண் கிரைண்டரில் கூடுதலாக ஆட்டிப் பாக்கெட் போட்டுப் பக்கத்துத் தெருவில் விற்றால் உடனே வளர்ச்சி ஆகிவிடும். மாவு ஒன்றுதான், கை ஒன்றுதான்.

அரசு இலவசமாகக் கிரைண்டர் கொடுத்தது வீண் செலவு இல்லையா?

2011 தேர்தலில் ஒரு கட்சி கிரைண்டரோ மிக்ஸியோ தருவோம் என்றது. மற்றது இரண்டும் தந்து மின்விசிறியும் தருவோம் என்றது. பிந்தியது வென்றது, கொடுக்கவும் செய்தது. தொலைக்காட்சியில் அன்று இதைக் கிண்டல் செய்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஆட்டுக்கல்லில் மாவாட்டியிருப்பார்கள்? பம்புக்கு மானியம் கொடுத்தால் அது முதலீடு, கிரைண்டருக்குக் கொடுத்தால் இலவசம் என்ற பாகுபாடு எனக்குப் புரிந்ததில்லை. தரம் குறைந்த இயந்திரம் வந்தது என்ற புகார் வேறு, அது நியாயமானது.

ஆலைகள் ஊரின் பழக்கவழக்கத்தை மாற்றினவா?

நேரத்தை மாற்றின. மில் சங்கு ஊதினால் அந்த வட்டாரமே கடிகாரம் பார்த்தது போல. வேலைக்குப் போகாத வீட்டிலும் சங்குக்குத்தான் உலை வைத்தார்கள். பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை ‘அரைநைட்’ ஷிப்டா, ‘முழுநைட்’ ஷிப்டா என்று கேட்டார்கள். சங்கமும் ஆலையோடு வந்தது, ரத்தமும் வந்தது: 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர்கள் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். இன்று பல ஆலைகள் மூடிவிட்டன. சில இடங்களில் வணிக வளாகம். பஸ் நிறுத்தத்தின் பெயரில் மட்டும் மில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சினிமா?

பைக்காராவுக்கு முன்பே வந்துவிட்டது. ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். ஊருக்குள் மின்சாரம் இல்லாத காலத்தில் சொந்தமாக மின்சாரம் எடுத்து, அதிலேயே அச்சகமும் நடத்தினார். அந்தச் சாலைக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதுதான் நடக்குமா?

ஜோசியம் எனக்கு வராது. நியூயார்க்கில் எடிசனின் மின்நிலையம் 1882-இல் ஓடியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் துள்ளி எழுந்தது 1920-களில். இடையில் நாற்பது ஆண்டு. நீராவி இயந்திரம் இருந்த இடத்தில் மின்மோட்டாரை வைத்துவிட்டு, எல்லா இயந்திரங்களையும் சேர்த்துச் சுழற்றிய பழைய தண்டையும் பட்டையையும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்துக் கட்டடத்தையே மாற்றிக் கட்டிய பிறகுதான் பலன் வந்தது என்று பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாளர் 1990-இல் எழுதினார். புதிய கருவி நம் ஊர்ச் சந்தில் பிரிபடுமா, அல்லது கோலாரில் நின்றதுபோல் எவருடைய வாசலிலோ நின்றுவிடுமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவின் ருசியே தனி என்கிறார்களே, உண்மையா?

உண்மையாக இருக்கலாம். எங்கள் வீட்டு ஆட்டுக்கல் இப்போது கொல்லையில் கிடக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கினால் காக்கை வந்து குடிக்கும். ஒருமுறை அம்மிச்சியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், இதே கேள்வியைக் கேட்டேன். ஐம்பது வருடம் ஆட்டிய வலது தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்: “ருசிதான் கண்ணு. நீ ஆட்டிக் கொடு, நான் சாப்பிடுகிறேன்.”